அறுநூற்றுப் பதினொன்றும் ஒன்றும்

எவால்ட் குன்ஸுக்கு எண்ணத் தெரியும் என்பதில் ஆல்ட்பாக் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. கஞ்சன் என்பார்கள், சிரிக்கத் தெரியாதவர் என்பார்கள், ஹெட்விக் மாதிரி ஒரு பெண் இந்த மரக்கட்டையை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று வாய்விட்டே கேட்பார்கள். ஆனால் நகர அலுவலகத்து எழுத்தர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதைச் சரிபார்க்க யாரும் மெனக்கெட்டதில்லை.

முதல் உலக யுத்தத்தில் காலில் குண்டு வாங்கிக்கொண்டு பாதியிலேயே ஊர் திரும்பியவர் அவர். ஹெட்விக்கின் அண்ணன் திரும்பவே இல்லை. மன்னர் நாட்டை விட்டு ஓடிப்போனதும், 1919 ஜனவரியில் குடியரசின் முதல் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்து ஹாலில் ஓட்டுப் பெட்டியை வைத்து, அதை எவால்டின் பொறுப்பில் விட்டார்கள். பெண்களுக்கும் அப்போதுதான் ஓட்டு கிடைத்திருந்தது. வயிற்றில் வோல்க்மாரைச் சுமந்துகொண்டு ஹெட்விக் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். யாருக்குப் போட்டாய் என்று எவால்ட் கேட்கவில்லை. சட்டப்படி கேட்கக் கூடாது, அதனால் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒருவர் சீட்டைப் பிரித்து உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் அதைப் பார்த்து ஆமோதிக்க வேண்டும், அவர் பத்துப் பத்தாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார். மூன்று தடவை எண்ணுவார். வெளியே நிற்பவர்கள் காதிலும் விழட்டும் என்று ஜனவரிக் குளிரில்கூட ஜன்னலைத் திறந்து வைப்பார். இது போதாதென்று ஒரு கறுப்பு நோட்டு. ஓட்டுப் போட வருகிறவர் பெயரை வந்த வரிசைப்படி எண் போட்டு, சுருக்கெழுத்தில், அதில் எழுதிக்கொள்வார். எந்தச் சட்டமும் அப்படி எழுதச் சொல்லவில்லை. பெட்டியில் இருக்கிற சீட்டும் நோட்டில் இருக்கிற பெயரும் கடைசியில் ஒத்துப்போனால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

குடியரசு ஒன்றும் சொகுசாக நடக்கவில்லை. தோற்ற நாடு என்று வெற்றி பெற்றவர்கள் தலையில் கட்டிய அபராதம் ஒரு பக்கம், காலையில் ரொட்டி வாங்கிய பணம் மாலையில் நெருப்புக்குச்சிக்குக்கூடப் போதாமல் போன அந்த ஒரு வருஷம் இன்னொரு பக்கம். அதிலிருந்து ஊர் தட்டுத்தடுமாறி எழுந்தது. 1928 தேர்தலில், பின்னால் நாட்டையே கையில் எடுத்துக்கொண்ட தலைவரின் கட்சிக்கு ஆல்ட்பாக்கில் மூன்றே ஓட்டு. அந்த மூன்று பேர் யார் என்று மதுக்கடையில் ஒரு மாதம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பால் சங்கத்தில் கொழுப்பு அளந்துகொண்டிருந்த டிட்மார் ஷ்ராம் மட்டும் சிரிக்கவில்லை, ஆகவே ஒரு ஓட்டு யாருடையது என்று தெரிந்துபோனது.

பிறகு பொத்தான் தொழிற்சாலையை மூடினார்கள். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் சந்தைத் திடலில் நின்றார்கள். பால் சங்கமும் படுத்துவிட, ஷ்ராம் தலைவர் கட்சியின் பழுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டான். மூன்று ஓட்டு தொண்ணூற்றேழானது. இரண்டே வருஷத்தில் அது இருநூற்று அறுபத்தெட்டானது. அன்று எண்ணி முடித்து வந்த எவால்டை அவருடைய சிநேகிதர், சேணம் தைக்கிற காஸ்பர் ட்ராட், பள்ளிக்கூட வாசலிலேயே மடக்கினார். காஸ்பர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், எவால்டோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

“ஏன்டா, மூணு தொண்ணூத்தேழாச்சு. தொண்ணூத்தேழு இருநூத்தி அறுபத்தெட்டாச்சு. உனக்கு ஒண்ணும் தோணலையா?”

“கூட்டல் சரியா இருக்கு.”

“தீப்புடிச்ச வீட்டுல எத்தனை ஜன்னல்னு எண்ணிட்டு நிப்பேடா நீ.”

எவால்டுக்குக் கோபம் வரவில்லை. யாருக்கு விழுந்தது என்று கவலைப்படுவது மற்றவர்கள் வேலை, எத்தனை விழுந்தது என்று சொல்வது தன் வேலை என்று அவர் மனதார நம்பினார். அதில் ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

1933 ஜனவரியில் தலைவர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் தேர்தலுக்கு முந்தைய வாரம் காஸ்பரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓட்டுச்சாவடிக்குள் ஷ்ராமின் ஆட்கள் பூட்ஸ் காலோடு சுவரோரம் நின்றார்கள். எவால்ட் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உள்ளே யார் நிற்கலாம் என்பது காவல்துறை சம்பந்தப்பட்ட விஷயம், எண்ணிக்கை சம்பந்தப்பட்டது அல்ல என்று அவருக்குப் பட்டது. நவம்பரில் மறுபடி ஓட்டு. இந்தத் தடவை சீட்டில் ஒரே கட்சிதான். ஷ்ராம் வந்து மறைப்புத் திரையைக் கழற்றச் சொன்னான். யோக்கியனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டான். எவால்டே ஏணி போட்டு ஏறித் திரையைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்துச் சீட்டும் எழுதி ஒட்டினார். திரை வேறு, எண்ணிக்கை வேறு.

ஊரைக் குறை சொல்லவும் எனக்கு முழு மனது வரவில்லை. பொத்தான் தொழிற்சாலை திறந்தது. இந்தத் தடவை பொத்தான் அல்ல, பித்தளையில் ஏதோ உருளைகள், என்னவென்று கேட்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சம்பளம் வந்தது, கேட்காமல் இருந்தார்கள். பதினாலு மாதம் கழித்துக் காஸ்பர் திரும்பி வந்தார். முன்பற்கள் இல்லை, பேச்சும் இல்லை. ஊர் அவரைத் தெருவில் பார்த்தால் கடை ஜன்னலைப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

1935 வசந்தத்தில் கட்டாய ராணுவ சேவை திரும்பியது. வயது வந்த பையன்களின் பட்டியலை எவால்ட் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். ஹெட்விக் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

“வோல்க்மார் பேரும் இருக்கா?”

“பதினாறு வயசுதானே ஆகுது. இன்னும் இல்ல.”

“இன்னும் இல்ல,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் இன்னொரு உத்தரவு. யூதர்களுக்கு இனி ஓட்டு இல்லை. ஆல்ட்பாக்கில் அப்படி நாலு பேர், எல்லாரும் துணிக்கடை ஸெலிக்மான் குடும்பம். கிழவர் ஸெலிக்மான் போன யுத்தத்தில் வாங்கிய பதக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன், ஹெர் குன்ஸ், கொஞ்சம் பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டார். எவால்ட் பார்த்தார். தவறு இல்லை, உத்தரவு தெளிவாக இருந்தது. அளவுகோலை வைத்து நாலு பெயர்களையும் அடித்தார். கோடு நேராக இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அதை அவரே சொல்லப்போக, ஹெட்விக் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். நம் கல்யாணப் படுக்கை விரிப்பு அந்தக் கடையில் எடுத்தது என்றாள். எவால்டுக்கு அதற்கும் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை, அதுதான் அந்த மனிதரிடம் எனக்கு ஆறாத விஷயம்.

1936இல், ஒப்பந்தப்படி போகக் கூடாத ரைன் கரைப் பகுதிக்குள் படை நுழைந்த கையோடு ஒரு ஓட்டு. சீட்டில் ஆதரவு தெரிவிக்க ஒரு வட்டம் மட்டும்தான் இருந்தது. ஐந்து பேர் வெறும் சீட்டைப் போட்டிருந்தார்கள். அவற்றை எங்கே சேர்ப்பது என்று எவால்ட் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். வெறும் சீட்டும் ஆதரவுதான் என்று பதில் வந்தது. எதை எந்த அடுக்கில் வைப்பது என்று மேலிடம் சொல்லலாம், அடுக்கில் எத்தனை என்றுதான் அவர் சொல்வார். வைத்தார்.

ஹெட்விக்கும் தன் பங்குக்கு எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. முதலில் பையன்களை எழுதினார்கள். பிறகு ஊர்க் குதிரைகளை வரிசையாக நிறுத்திப் பல்லையும் குளம்பையும் பார்த்து எழுதினார்கள். வெண்ணெய்க்கு ரேஷன் அட்டை வந்தது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளத் தோதா என்று நிலவறைகளை அளந்தார்கள். வாயு முகமூடியை மாட்டிக் கழற்றுவது எப்படி என்று பெண்களுக்குப் பள்ளிக்கூட ஹாலில் வகுப்பு எடுத்தார்கள். வோல்க்மார் அந்தத் தொழிற்சாலையிலேயே லேத்தில் வேலைக்குச் சேர்ந்து, உருளைகளைக் கடைந்துகொண்டிருந்தான். அமைதி, அமைதி என்று ரேடியோவில் தலைவர் தொண்டை கிழியச் சொன்னார். அமைதிக்கு எதற்குக் குதிரைப் பல் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். எவால்ட் வாயை மூடு என்று ஜன்னலை மூடினார்.

1938 ஏப்ரல் பத்தாம் தேதி. ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டாயிற்று, சேர்த்தது சரியா என்று கேட்டு ஓட்டு. சீட்டில் ஆதரவுக்குப் பெரிய வட்டம், எதிர்ப்புக்குச் சின்ன வட்டம். காலை ஆறு மணிக்கே பித்தளை வாத்தியம் ஊரை எழுப்பியது. நடக்க முடியாதவர்களை டிராக்டரில் ஏற்றி வந்தார்கள். ஹாலின் நடுவில் ஒரு மேஜை, ஒரு பென்சில். சீட்டுகளை ஷ்ராமே கையால் எடுத்துக் கொடுத்தான். அது புது ஏற்பாடு. எவால்ட் வழக்கம்போலக் கறுப்பு நோட்டில் வரிசையாக எழுதினார். எண்பத்தாறாவதாகத் தன் பெயரை எழுதிவிட்டு, எழுந்துபோய்ப் பெரிய வட்டத்தில் கோடு போட்டார். அடுத்து ஹெட்விக். சர்ச் தொப்பியைக் கழற்றாமல் குனிந்து, ஒரு நொடியில் போட்டு, மடித்து, உறையில் வைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு சூப்பு அடுப்பில் இருக்கிறது என்று போய்விட்டாள்.

மாலையில் எண்ணினார்கள். ஆதரவு அறுநூற்றுப் பதினொன்று. எதிர்ப்பு ஒன்று. சின்ன வட்டத்துக்குள் சின்னதாக, அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி.

ஷ்ராம் அந்தச் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்து ஊர்கள் மூன்றும் நூற்றுக்கு நூறு என்று போன் வந்திருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிவிடலாம், எதற்கு ஊருக்கு அசிங்கம் என்றான். நல்லவிதமாகவே சொன்னான், தோளில் கைகூடப் போட்டான்.

“எண்ணினது அறுநூத்திப் பதினொண்ணு,” என்றார் எவால்ட்.

“ஹெர் குன்ஸ், ஒரே ஒரு சீட்டு. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும். வெறும் சீட்டுன்னா மேலிடம் சொல்ற இடத்துல வைப்பேன். இது வெறும் சீட்டு இல்ல.”

ஷ்ராம் சட்டென்று கையை எடுத்தான். எவால்ட் போனைச் சுழற்றி மாவட்ட அலுவலகத்துக்குத் தன் வாயாலேயே இரண்டு எண்களையும் சொன்னார். ஐந்து வருஷமாகத் திரையைக் கொடுத்து, பெயர்களைக் கொடுத்து, வெறும் சீட்டுகளையும் கொடுத்த மனிதர், எண்ணிக்கையை மட்டும் கொடுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எத்தனை என்று ஹெட்விக் கேட்டாள். சொன்னார். அப்படியே எழுதினாயா என்று கேட்டாள். அப்படியே எழுதினேன், எவனோ ஒரு மடையன் என்றார். மடையனாக இருக்கலாம் என்று சொல்லி, கேட்காமலே அவருக்கு இரண்டாவது தடவை சூப்பு ஊற்றினாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் அந்தக் கதை அந்த மேஜையிலேயே முடிந்திருக்கும். ஒன்று என்று மாவட்டத்துக்குப் போனதால், மறுநாள் காலை மாவட்டத்திலிருந்து தோல் கோட்டுப் போட்ட ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். யார் அந்த ஒன்று?

ஷ்ராம் சீட்டு அடுக்கை எடுத்துவந்து மேஜை விளக்கைப் பற்றவைத்தான். பால் சங்கத்து ஆள் பாலின் குணம் தெரிந்தவன். கொழுப்பு நீக்கிய பாலைப் பேனாவில் தொட்டு ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் எண் போட்டு வைத்திருந்தான். எழுதினால் தெரியாது, சூடு காட்டினால் பழுப்பாக எழுந்து வரும். அந்த ஒரு சீட்டை விளக்குக்கு மேலே பிடித்தான். எட்டு எழுந்தது, பக்கத்தில் ஏழு எழுந்தது.

எண் இருக்கிறது, ஆள் வேண்டுமே. அதற்கும் ஷ்ராமுக்கு வழி தெரியும். இருபது வருஷமாக ஊரே பார்த்துச் சிரித்த அந்தக் கறுப்பு நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் போட்டான். தோல் கோட்டுக்காரர் புரட்டிப் பார்த்தார். முழுக்கப் பழைய சுருக்கெழுத்து, அவருக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

“படிங்க ஹெர் குன்ஸ்,” என்றார். “எண்பத்தேழு.”

எவால்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டி, விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டு கீழே வந்தார். எண்பத்தைந்து, பேக்கரிக்காரரின் மாமியார். எண்பத்தாறு, அவர். எண்பத்தேழு, குன்ஸ், ஹெட்விக். சொந்தக் கையெழுத்து, ஒரு பிசிறில்லை. எதிரே அவளுடைய பெருக்கல் குறி விளக்கு வெளிச்சத்தில் கிடந்தது. வீட்டில் ஜாடிகளின் மூடியில் எது உப்பு, எது சர்க்கரை என்று அவள் பென்சிலால் குறித்துவைக்கிற அதே அழுத்தம். நேற்று மாலை மூன்று தடவை எண்ணியும் அது அவர் கண்ணில் படவில்லை.

“என்ன, எழுத்து அழிஞ்சிருக்கா?” என்றான் ஷ்ராம்.

“இல்ல. தெளிவா இருக்கு.” எவால்ட் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டார். “எண்பத்தேழு. குன்ஸ், எவால்ட்.”

அவர் வாழ்க்கையில் தப்பாகப் படித்த முதல் வரி அதுதான். ஷ்ராம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு அவனுக்கே எல்லாம் பொருந்திவந்தது. இவன்தானே அந்த ஒரு சீட்டுக்காக நேற்று அப்படிப் பிடிவாதம் பிடித்தான்!

“அப்போ நீதானா?” என்றான். நேற்றுவரை இருந்த மரியாதை அந்தக் கேள்வியில் இல்லை.

கழுத்தில் ‘நான் நாட்டுத் துரோகி’ என்று அட்டையைத் தொங்கவிட்டு, அதே பித்தளை வாத்தியத்தை முன்னால் விட்டு, சந்தைத் திடலைச் சுற்றி மூன்று தடவை நடத்தினார்கள். முட்டை எறிந்தவர்களில் பாதிப் பேரின் பிறப்புச் சான்றிதழ் அவர் எழுதியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் காஸ்பர் ஒருவர்தான். பிறகு வதைமுகாம், ஏழு மாதம். வேலை போனது, இடது காது போனது.

குளிர்காலத் தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தபோது, ஹெட்விக் வெந்நீர் வைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாள். முதுகு முழுக்கத் தழும்புகள். அவளுக்குக் கோபமும் நன்றியும் ஒன்றாக இருந்தன, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல்தான் அத்தனை நேரம் தேய்த்தாள்.

“ஏன் போட்டே?” என்று அவர்தான் கேட்டார்.

“வேற எவன் எண்ணினாலும் அது காணாமப் போயிருக்கும். நீ எண்ணுவேன்னுதான் போட்டேன்.”

அவர் அழுதார். காரணம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு நடந்ததுதான் முகாமைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஊரில் அவர் மதிப்பு ரகசியமாக ஏறிக்கொண்டே போனது. பகலில் பார்க்காதது போலப் போகிறவர்கள், விடிவதற்குள் அவர் வாசலில் உருளைக்கிழங்குப் பை வைத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் கை கொடுத்தார். காஸ்பர் ஒரு முழ நீளத்துக்குச் சாஸேஜைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, உன்னை இத்தனை வருஷம் தப்பாக எடைபோட்டுவிட்டேன்டா என்று, பல்லில்லாத வாயால் மன்னிப்புக் கேட்டார். எவால்ட் என்ன சொல்வார்? அது நானில்லை என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார். செங்கல் சூளையில் கிடைத்த கூலி வேலைக்குப் போய்வந்துகொண்டு, தனக்குச் சேராத மரியாதையைத் தின்று உயிர் வாழ்ந்தார்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வோல்க்மாருக்கு ஓலை வந்தது. இப்போது பட்டியலை வேறு யாரோ எழுதினார்கள், கையெழுத்து படுமோசம், ஆனால் பெயர் சரியாக இருந்தது. இருபது வயது. ஸ்டேஷனில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் நல்ல காதில் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினான். ஊர்க் குதிரைகள் பதினொன்றும் பின்னால் சரக்குப் பெட்டியில் போயின.

செப்டம்பர் முதல் தேதி காலை போலந்துக்குள் படை நுழைந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. ஹெட்விக் ஜாம் காய்ச்ச பிளம் பழங்களைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். காஸ்பர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். இவ்வளவு பெரிய ஊரில் நீ ஒருத்தன் சொன்னாய், எவன் கேட்டான் என்றார். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

எவால்ட் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“நான் பெரிய வட்டத்துலதான் போட்டேன், ஹெட்விக்.”

“தெரியும். அறுநூத்திப் பதினொண்ணுல ஒண்ணு.” கத்தி நிற்கவில்லை. “நீதானே எண்ணினே.”

“நான் வேற மாதிரி போட்டிருந்தா மட்டும்...”

“ரெண்டாயிருக்கும். அவ்வளவுதான்.” அவள் ஒரு பழத்தைப் பிளந்தாள், கொட்டையைத் தட்டில் போட்டாள். “நான் ஒண்ணு போட்டேன், நீ ஒண்ணு போட்டே. இந்த வீட்டுல ஓட்டே போடாதவன் ஒருத்தன்தான். அவனுக்கு அப்போ வயசு பத்தல. அவனைத்தான் கூட்டிட்டுப் போயிருக்காங்க.”

எவால்ட் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, அவளோடு சேர்ந்து பழம் பிளக்க ஆரம்பித்தார்.